மார்ச் கணக்குகள் வந்துவிட்டன: சிறு நிறுவனங்களின் இலாபம் எங்கிருந்து வந்தது?

கோண்டாவில் கிணற்றடி
2025 யூன் 1, இரவு 9.20

மார்ச் 31 இல் முடிந்த ஆண்டுக்கான கணக்குகளைச் சமர்ப்பிக்க நேற்றோடு தவணை முடிந்தது. சிறு நிறுவனங்கள் வழக்கம்போலக் கடைசி இரண்டு நாள்களில்தான் கொழும்புப் பங்குச் சந்தைத் தளத்தில் கணக்குகளை ஏற்றின. என் கையில் நான்கு சிறு நிறுவனங்களின் பங்குகள் இருக்கின்றன. நான்கின் கணக்குகளையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாமரத்தடியில் இருந்து படித்து முடித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன். பிழை கண்டால் சொல்லுங்கள், திருத்திக்கொள்வேன்.

பெயர்களை எழுதமாட்டேன். பங்கில் பதினான்கு வீதம் மட்டுமே பொதுமக்கள் கையில் உள்ள ஒரு நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதி, நாளைக் காலை நான்கு பேர் வாங்கப் போனால் விலை எங்கோ போய்விடும். பிறகு அவர்கள் விற்க வரும்போது வாங்க ஆள் இருக்காது. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

முதலாவது நிறுவனம் வீட்டுப் பாவனைப் பொருள்கள் செய்வது. என் முதலீட்டில் பெரிய பங்கு இதில்தான் இருக்கிறது. 2023 இல் சராசரி 14 ரூபா 20 சதத்துக்கு 12,000 பங்கு வாங்கினேன். கணக்கு வந்தவுடன் விலை 21 இலிருந்து 26 ரூபா 40 சதத்துக்குப் பாய்ந்துவிட்டது. காரணம், தேறிய இலாபம் (வட்டியும் வரியும் போன மிச்சம்) 39 மில்லியன் ரூபாவிலிருந்து 62 மில்லியனாக, அதாவது 59 வீதம் கூடியிருக்கிறது. முதற்பக்கத்தைப் பார்த்தவர் எல்லோருக்கும் அந்த 59 தான் கண்ணில் பட்டிருக்கும். எனக்கும் முதலில் அதுதான் பட்டது.

பிறகு வரிவரியாக இறங்கிப் பார்த்தேன். விற்பனை 1,240 மில்லியனிலிருந்து 1,330 மில்லியன். ஏழு வீதம்தான். தொழிற்பாட்டு இலாபம் (வட்டிக்கும் வரிக்கும் முன் தொழிலில் கிடைத்தது) 142 இலிருந்து 139 ஆகக் குறைந்திருக்கிறது. குறைந்த தொழிற்பாட்டு இலாபத்திலிருந்து கூடிய தேறிய இலாபம் எப்படி வரும்? நிதிச் செலவு, அதாவது கடனுக்கான வட்டி, 86 மில்லியனிலிருந்து 51 மில்லியனாக இறங்கியிருக்கிறது. இவ்வளவுதான் விடயம். வங்கிக்கு இறுக்க வேண்டிய கடன் முன்பு இருந்த அளவிலேயே இருக்கிறது. வட்டி வீதம் மட்டும் இறங்கிவிட்டது.

2022 ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை (நாட்டின் மற்ற வட்டிகளுக்கு அடிப்படையான வீதத்தை) ஏழு வீதப் புள்ளிகள் உயர்த்தியது. வங்கிகள் தம் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனின் வட்டி அந்த ஆண்டு முடியும்போது 27 வீதத்தைத் தொட்டது. இன்று அது எட்டரைக்கு அருகில். இந்த ஆண்டு மே 22 அன்று கொள்கை வீதத்தை 7.75 ஆக மறுபடியும் இறக்கினார்கள். கடன் சுமந்திருந்த எந்த நிறுவனமாக இருந்தாலும், ஒரு வேலையும் செய்யாமலே இந்த இரண்டு ஆண்டுகளில் இலாபம் கூடியிருக்கும். அது கெட்ட இலாபம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருமுறைதான் வரும். 27 இலிருந்து எட்டரைக்கு வந்த வட்டி, எட்டரையிலிருந்து இன்னும் எவ்வளவு இறங்கும்? அடுத்த ஆண்டும் இலாபம் 59 வீதம் கூடும் என்ற நினைப்பில் இன்று 26 ரூபா கொடுப்பவர் எதை வாங்குகிறார் என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதைவிட என்னை உறுத்துவது ஐந்தொகையில் (ஆண்டு முடிவில் உள்ள சொத்து, கடன் பட்டியலில்) இருக்கிறது. வர்த்தகக் கடன்பட்டோர், அதாவது கடனுக்குச் சரக்கு எடுத்தவர்கள் தரவேண்டிய காசு, 210 மில்லியனிலிருந்து 338 மில்லியன். விற்பனை ஏழு வீதம் கூட, வரவேண்டிய கடன் 61 வீதம் கூடியிருக்கிறது. நாள்கணக்கில் சொன்னால், முன்பு சரக்கு விற்று 62 நாளில் காசு வந்தது; இப்போது 93 நாள் ஆகிறது. காசுப் பாய்ச்சல் கூற்றில் தொழிற்பாட்டிலிருந்து வந்த காசு என்ற வரியில் 18 என்ற எண் அடைப்புக்குறிக்குள் கிடக்கிறது. அந்த இரண்டு சிறு வளைவுகளுக்கும் பொருள் என்ன என்று தெரியாமல் எத்தனையோ பேர் தாண்டிப் போகிறார்கள். காசு வரவில்லை, வெளியே போயிருக்கிறது என்பதுதான் பொருள். 62 மில்லியன் இலாபம் காட்டிய நிறுவனத்தின் தொழிலிலிருந்து 18 மில்லியன் ரூபா கை நழுவியிருக்கிறது.

இரண்டாவது நிறுவனத்துக்குக் கொழும்பில் காணி உண்டு. காணியின் மதிப்பு ஏறியதை இலாபத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதைக் கழித்தால் மிச்சம் சொற்பம். வைத்திருக்கிறேன், கூட வாங்கமாட்டேன்.

மூன்றாவது ஒரு சிறு தொழிற்சாலை. விற்பனை அசையவில்லை, இலாபமும் அசையவில்லை, விலையும் 22 ரூபாவில் அப்படியே நிற்கிறது. ஆனால் வங்கி மேலதிகப்பற்றை (கணக்கில் உள்ளதற்கு மேல் எடுத்த கடனை) முழுவதும் அடைத்துவிட்டார்கள். தொழிற்பாட்டிலிருந்து வந்த காசு இலாபத்தைவிடக் கூடுதலாக இருக்கிறது. பங்கொன்றுக்கு 2 ரூபா பங்கிலாபம் (இலாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் காசு) அறிவித்திருக்கிறார்கள். இதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள், அதனாலேயே எனக்கு இதில் விருப்பம்.

நான்காவதற்குக் கணக்காய்வாளரின் கருத்து வரும்வரை ஒன்றும் சொல்வதற்கில்லை. இப்போது வந்திருக்கும் இந்தக் காலாண்டுக் கணக்குகள் கணக்காய்வு செய்யப்படாதவை என்பதை மறக்க வேண்டாம். ஆண்டறிக்கை ஓகஸ்ட் முடிவதற்குள் வரவேண்டும்.

இப்போது என் கேள்வி முதலாவதைப் பற்றியது. வைத்திருப்பதா, விற்பதா?


ஓய்வுபெற்ற ரீச்சர்
2025 யூன் 2, காலை 6.45

தம்பி, ஆறுதலாக இரண்டு முறை படித்தேன். கணக்குப் பாடம் படிப்பித்தவள் என்பதால் விளங்குகிறது. எனக்கு ஓய்வூதியமும், நிலையான வைப்பில் கொஞ்சக் காசும்தான் இருக்கின்றன. வைப்பு முதிர்ந்து புதுப்பிக்கப் போனால் இப்போது எட்டு வீதத்தைப் பிடிப்பதே கஷ்டம். இரண்டு ஆண்டுக்கு முன் இதே காசுக்கு இருபதுக்கு மேல் தந்தார்கள். நீங்கள் மூன்றாவதாகச் சொன்ன நிறுவனத்தில் 22 ரூபாவுக்கு 2 ரூபா என்றால் ஒன்பது வீதம் வருகிறதே. வைப்புக் காசை அங்கே மாற்றினால் என்ன? பெயர் கேட்கவில்லை, முறை சரியா என்று மட்டும் சொல்லுங்கள்.


வேலணை வாசி
2025 யூன் 2, காலை 11.05

ரீச்சர், தயவு செய்து அவசரப்படாதீர்கள். நான் அனுபவப்பட்டவன்.

போர் முடிந்து ஏ9 வீதி திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் பங்குச் சந்தை பற்றிய கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. 2009, 2010 இரண்டு ஆண்டுகளிலும் உலகத்திலேயே மிகக் கூடுதலாக ஏறிய சந்தைகளில் கொழும்பும் ஒன்று. நான் 2010 கடைசியில் மனைவியின் இரண்டு சோடி காப்பை அடகு வைத்து இறங்கினேன். பெரிய நிறுவனங்களின் விலை எட்டவில்லை. ஐந்து ரூபா, பத்து ரூபா விலையில் இருந்த சிறு பங்குகளைத்தான் வாங்கினேன். கணக்கு என்று ஒன்று வருவதே அப்போது எனக்குத் தெரியாது. யார் வாங்குகிறார் என்ற கதைதான் தெரியும். 2011 பெப்ரவரியில் சந்தையின் மொத்த விலைச் சுட்டெண் 7,800 ஐத் தொட்டது. அடுத்த ஆண்டு 5,000 க்குக் கீழே வந்தது. சுட்டெண் மூன்றில் ஒன்றுக்கு மேல் விழுந்தபோது என் பங்குகள் பத்தில் எட்டு விழுந்தன. விற்கப் போனால் திரையில் வாங்குபவர் பக்கம் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையை இன்னும் மறக்கவில்லை. காப்பை மீட்க ஐந்து ஆண்டு ஆனது.

கோண்டாவில் தம்பி கெட்டிக்காரர் என்று எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் இவ்வளவு படித்துவிட்டும் கடைசியில் "விற்பதா, வைப்பதா" என்று எங்களிடம்தானே கேட்கிறார்? அப்படியானால் எழுத வாசிக்க நேரமில்லாத சனம் என்ன செய்யும்? சிறு நிறுவனப் பங்கு சாதாரண மனிதனுக்கு உரியதல்ல என்பது என் முடிவு.


கோண்டாவில் கிணற்றடி
2025 யூன் 2, இரவு 8.30

ரீச்சருக்கு முதலில். வாழ்வதற்கான காசை வைப்பிலிருந்து எடுக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள். பங்கிலாபத்தில் 15 வீதம் வரியாகக் கழித்துவிட்டுத்தான் உங்கள் கைக்கு வரும். அது இறுதி வரி, திருப்பிக் கேட்க முடியாது. 2 ரூபாவில் உங்களுக்கு 1 ரூபா 70 சதம். 22 ரூபாவுக்கு அது 7.7 வீதம். வைப்பு வட்டியில் இந்த ஏப்ரலிலிருந்து 10 வீதம் கழிக்கிறார்கள். ஆனால் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் இருந்தால் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து அந்தக் கழிவைத் தவிர்க்கலாம். இன்னும் கொடுக்கவில்லை என்றால் நாளைக்கே வங்கிக்குப் போங்கள். அதைவிட வாங்கும்போது 1.12 வீதமும் விற்கும்போது 1.12 வீதமும் தரகு, கட்டணம், அறவீடு என்று போகும். ஆக, உறுதியாக வரும் எட்டு வீதத்தை விட்டு, உறுதியில்லாத ஏழே முக்காலுக்கு வருகிறீர்கள். அடுத்த ஆண்டு பங்கிலாபம் கொடுக்காவிட்டால் கேட்கவும் முடியாது. உங்கள் வயதில், உங்கள் தேவைக்கு, இது சரிவராது.

வேலணை அண்ணை, நீங்கள் எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். காப்பு அடகு வைத்த கதை எங்கள் வீட்டிலும் உண்டு, அது வேறு காரியத்துக்கு. உங்களோடு ஒரு இடத்தில் முழுவதும் உடன்படுகிறேன்: கடன் வாங்கியோ அடகு வைத்தோ இந்தப் பக்கம் வரவே கூடாது. விலை விழும்போது காத்திருக்க முடிந்தவன்தான் சிறு பங்கில் பிழைப்பான். வட்டி ஓடிக்கொண்டிருக்கிறவனால் காத்திருக்க முடியாது. இந்த ஏப்ரல் 7 அன்று, அமெரிக்காவின் 44 வீத வரி அறிவிப்புக்குப் பிறகு, விலைகள் விழுந்து வர்த்தகத்தையே சிறிது நேரம் நிறுத்தினார்கள். அன்றைக்கு நான் தோட்டத்தில் புகையிலைக் கன்றுக்கு... இல்லை, அது பருவமில்லை, மிளகாய்க்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தேன். விற்க வேண்டிய கட்டாயம் எனக்கு இருக்கவில்லை. அந்த ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது.

ஆனால் சாதாரண மனிதனுக்கு உரியதல்ல என்பதை ஏற்கமாட்டேன். 2010 இல் நீங்கள் கதையைக் கேட்டு வாங்கினீர்கள். இன்று அதே காலாண்டுக் கணக்கு தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் முதல் இருபது பங்குதாரர் யார், பணிப்பாளர்கள் எவ்வளவு வைத்திருக்கிறார்கள், பொதுமக்கள் கையில் எத்தனை வீதம், அந்தக் காலாண்டில் விலை எங்கே உச்சம், எங்கே அடி என்று எல்லாம் எழுதியிருக்கிறது. ஒரு பக்கத்தை வாசிக்கப் பத்து நிமிடம் போதும். நான் உங்களிடம் கேட்பது எனக்குத் தெரியாததால் அல்ல. என் காசு அதில் இருப்பதால் என் கண் மங்கியிருக்கலாம் என்ற பயத்தில்.


கணக்கியல் மாணவி
2025 யூன் 3, மாலை 5.15

வணக்கம் அண்ணா. நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் படிக்கிறேன், இறுதி ஆண்டு. இரண்டு விடயங்கள்.

ஒன்று, உங்கள் இரண்டாவது நிறுவனம். தானே பயன்படுத்தும் காணியின் மதிப்பு ஏறினால் அந்த ஏற்றம் இலாபத்தில் சேராது; இலாபத்துக்குக் கீழே தனியாகக் காட்டும் ஏனைய முழுதடக்கிய வருமானம் என்ற பகுதிக்குள் போகும். வாடகைக்கோ மதிப்பேற்றத்துக்கோ வைத்திருக்கும் முதலீட்டு ஆதனம் என்றால்தான், நியாய மதிப்பு முறையை (அன்றைய சந்தை மதிப்பில் காட்டும் முறையை) தெரிந்தெடுத்த நிறுவனம், ஏற்றத்தை இலாபத்திலேயே காட்டும். அப்படியானால் அந்த நிறுவனம் காணியை முதலீட்டு ஆதனமாக வகைப்படுத்தியிருக்கிறது. போன ஆண்டும் அப்படித்தானா, இல்லை இந்த ஆண்டுதான் வகையை மாற்றினார்களா என்று பாருங்கள். மாற்றியிருந்தால் ஏன் மாற்றினார்கள் என்பது நல்ல கேள்வி.

இரண்டாவது, முதலாவது நிறுவனம். நீங்கள் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்திருக்கிறீர்கள். மார்ச் காலாண்டைத் தனியாகப் பிரித்துப் பார்த்தீர்களா? கடன்பட்டோர் என்பது மார்ச் 31 அன்று எடுத்த ஒரு படம். அன்றைக்கு 338 மில்லியன் நிற்கிறது என்றால் கடைசி மாதங்களில் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம்.


கோண்டாவில் கிணற்றடி
2025 யூன் 3, இரவு 7.50

நன்றி தங்கச்சி. பிரித்துப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டியது என் வேலை. நீங்கள் சொல்லித்தான் பார்த்தேன்.

போன ஆண்டு மார்ச் காலாண்டு விற்பனை 335 மில்லியன். இந்த ஆண்டு 470 மில்லியன். நாற்பது வீத ஏற்றம். அப்படியானால் அதற்கு முந்திய ஒன்பது மாதம்? போன ஆண்டு 905, இந்த ஆண்டு 860. ஐந்து வீத இறக்கம். ஒன்பது மாதம் இறங்கிக்கொண்டிருந்த விற்பனை கடைசி மூன்று மாதத்தில் நாற்பது வீதம் ஏறியிருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு வியாபாரத்துக்குக் கடைகள் மார்ச்சில் சரக்கு ஏற்றும், அது உண்மை. ஆனால் புத்தாண்டு போன ஆண்டும்தானே வந்தது?


சுன்னாகம் சந்தைக் கடை
2025 யூன் 4, மதியம் 1.30

இந்த இழையை என் மகன் காட்டினான். பங்கு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முப்பது ஆண்டாகக் கடை வைத்திருக்கிறேன், அதைப் பற்றிச் சொல்லலாம்.

தம்பி எந்த நிறுவனத்தைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது, ஊகிக்கவும் விரும்பவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். இந்த மார்ச் மாதம் மூன்று நான்கு நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகள் என் கடைக்கு வந்தார்கள். ஒருவர் ஒரே கிழமையில் இரண்டு முறை வந்தார். "ஐயா, இலக்குக்கு இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். நூறு பெட்டி இறக்குகிறேன். காசு யூன் கடைசியில் தந்தால் போதும். விற்காவிட்டால் மாற்றித் தருகிறேன்" என்றார். வழக்கமாக எனக்கு நாற்பத்தைந்து நாள் தவணை. தொண்ணூறு நாள் என்றால் யார் வேண்டாம் என்பார்? இறக்கச் சொன்னேன். பெடியன் பாவம், அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன.

இப்போது பின்னறையில் பாதிச் சரக்கு கிடக்கிறது. ஆகவே இனி ஓகஸ்ட் வரை அந்த வகையில் நான் புதிதாக ஒன்றும் எடுக்கமாட்டேன். மருதனார்மடத்தில் உள்ள கடைக்காரரிடமும் கேட்டேன், அங்கும் இதே நிலைதான்.

சரக்கு என் பின்னறைக்கு வந்த அன்றே அவர்கள் புத்தகத்தில் விற்பனை. என் புத்தகத்தில் அது இன்னும் விற்கப்படாத சரக்கு. இது தம்பிக்கு உதவுமா என்று தெரியவில்லை.


கோண்டாவில் கிணற்றடி
2025 யூன் 9, இரவு 9.00

ஐயா, உதவுமா என்று கேட்கிறீர்கள். ஒரு கிழமையாக நான் செய்ததெல்லாம் நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரியால்தான்.

சனிக்கிழமை சைக்கிளில் புறப்பட்டு, எனக்குப் பழக்கமான ஐந்து கடைகளுக்குப் போனேன். இணுவில், மருதனார்மடம், கோப்பாய், திருநெல்வேலி, கடைசியாக கஸ்தூரியார் வீதி. என் நிறுவனத்தின் பொருள் எங்கே அடுக்கியிருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். நிறுவனப் பிரதிநிதி எவரிடமும் கணக்கு எதுவும் கேட்கவில்லை. வெளியிடாத கணக்கைக் கேட்பது முறையல்ல. கடைத் தட்டில் உள்ளதை எவரும் பார்க்கலாம்.

ஐந்தில் மூன்று கடைகளில் பெட்டிகள் கூரை முட்ட நின்றன. கோப்பாய்க் கடையில் கடைக்காரர் ஒரு பெட்டியை இழுத்துத் தந்தார். மேலே தூசி ஒரு விரல் கனம். பக்கத்தில் ஒட்டிய தாளில் உற்பத்தித் திகதி இந்த ஆண்டு பெப்ரவரி. கட்டியிருந்த மஞ்சள் நாடா அறுபடவே இல்லை. "புது நிறம் வந்தால்தான் போகும், இது போகாது" என்றார் கடைக்காரர். அந்த ஒரு வசனம் எந்த ஐந்தொகையிலும் இருக்காது.

ஐந்து கடை முழு நாடும் ஆகாது என்பது எனக்குத் தெரியும். காலியிலும் குருநாகலிலும் பெட்டிகள் பறந்துகொண்டிருக்கலாம். ஆனால் கடன்பட்டோர் வரியும், மார்ச் காலாண்டும், கோப்பாய்ப் பெட்டியும் மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போது அதற்கு மேல் காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

திங்கள் காலை விற்க உட்கார்ந்தேன். சிறு பங்கை விற்பது என்றால் என்ன என்று புதிதாக வருபவர்கள் தெரிந்துகொள்ளட்டும். திரையில் வாங்குபவர் பக்கம்: 25.90 க்கு 300 பங்கு, 25.20 க்கு 150, அதன் பிறகு ஒரேயடியாக 24.30 க்கு 1,000. விற்பவர் பக்கம் 26.40 இல் தொடங்குகிறது. 12,000 பங்கையும் ஒன்றாகக் கொட்டியிருந்தால் விலையை நானே இருபதுக்குக் கீழே தள்ளியிருப்பேன். 300 ஐ விற்று நிறுத்தினேன். இனி நாளுக்குக் கொஞ்சமாக விற்பேன். 4,000 வரை விற்கலாம் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் நான் போட்ட முதலில் பாதிக்கு மேல் திரும்பக் கைக்கு வந்துவிடும்.

26 ரூபா 40 சதம் என்று தளத்தில் தெரிகிற விலை 300 பங்குக்குக்கூடக் கிடைக்கவில்லை. வேலணை அண்ணை சொன்ன அந்த வெறுமையைக் கொஞ்சம் நானும் பார்த்தேன்.


ரொறன்ரோ உறவு
2025 யூன் 10, காலை 7.10

நல்ல இழை. ஊரில் காணி வாங்குவதைவிடப் பங்கு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது நிறுவனத்தின் பெயரை எனக்குத் தனியாக அனுப்ப முடியுமா? இங்கிருந்து எப்படி வாங்குவது?


கோண்டாவில் கிணற்றடி
2025 யூன் 10, இரவு 8.15

பெயர் அனுப்பமாட்டேன், குறை நினைக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருபவர் வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதன் வழியாகத்தான் காசைக் கொண்டுவர வேண்டும்; அப்போதுதான் விற்ற காசையும் பங்கிலாபத்தையும் திரும்பக் கொண்டுபோகலாம். உறவினர் பெயரில் வாங்கிவிடாதீர்கள். பங்கும் போகும், உறவும் போகும். இன்னொன்று, 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா, சில மாதங்களில் 360. பங்கு ஒரு சதம் இறங்காமல் இருந்திருந்தாலும் உங்கள் காசில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் போயிருக்கும். அதை எண்ணிவிட்டு வாருங்கள்.


வேலணை வாசி
2025 யூன் 10, இரவு 10.00

தம்பி, சைக்கிளில் ஐந்து கடைக்குப் போனதைப் படித்தேன். 2010 இல் நான் ஒரு கடைக்குக்கூடப் போகவில்லை. என் கருத்தை முழுவதும் மாற்றவில்லை, ஆனால் "கெட்டித்தனம் மட்டும் போதாது" என்று எழுத இருந்ததை எழுதாமல் விடுகிறேன். மிச்சம் 8,000 ஐயும் ஏன் விற்கவில்லை?


கோண்டாவில் கிணற்றடி
2025 யூன் 11, காலை 6.30

இரண்டு காரணம் அண்ணை. என் ஐந்து கடைகள் பிழையாக இருக்கலாம். மற்றது, கடைக்காரர்கள் யூன் கடைசியில் காசைக் கொடுத்துவிட்டால் அது ஒரு அவசரப்பட்ட விற்பனை மட்டுமே, மோசடி அல்ல. நிறுவனம் கெட்டது என்ற முடிவுக்கு வர என்னிடம் போதிய சான்று இல்லை. யூன் காலாண்டுக் கணக்கு 45 நாளில் வரவேண்டும். ஓகஸ்ட் நடுவில் தெரிந்துவிடும்.


கோண்டாவில் கிணற்றடி
2025 ஓகஸ்ட் 15, இரவு 8.40

கணக்கு வந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

யூன் காலாண்டு விற்பனை 214 மில்லியன். போன ஆண்டு இதே காலாண்டில் 290. இருபத்தாறு வீத வீழ்ச்சி. சுன்னாகம் ஐயாவின் பின்னறைதான் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. விலை இன்று 19 ரூபா 80 சதம்.

ஆனால் நான் பயந்த பாதி நடக்கவில்லை. கடன்பட்டோர் 338 இலிருந்து 262 ஆக இறங்கியிருக்கிறது. தொழிற்பாட்டிலிருந்து 55 மில்லியன் காசு உள்ளே வந்திருக்கிறது, இம்முறை அடைப்புக்குறி இல்லை. கடைக்காரர்கள் காசு கொடுத்திருக்கிறார்கள். ஆக, மார்ச் விற்பனை பொய்யில்லை. யூன் காலாண்டு விற்பனையை மார்ச்சுக்கு இழுத்து வந்திருக்கிறார்கள். இரண்டு காலாண்டையும் சேர்த்தால் இந்த ஆண்டு 684, போன ஆண்டு 625. ஒன்பது வீத ஏற்றம், கெட்டதல்ல. அதை மார்ச்சில் குவித்துக் காட்டியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பங்குதாரனுக்கு ஒரு கெட்ட காலாண்டைப் பொறுத்துக்கொள்ள முடியும். மறைக்கப் பார்த்தார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் அடுத்த நல்ல காலாண்டையும் நம்ப மனம் வராது.

4,000 பங்கையும் யூனில் ஆறு நாளில் விற்று முடித்திருந்தேன். கடைசி 1,000 பங்கு 24.30 க்குப் போனது. மிச்சம் 8,000 இருக்கிறது. ஆண்டறிக்கை இந்த மாத முடிவுக்குள் வரும், பொதுக்கூட்டம் அதன் பிறகு. கேள்வியை எழுத்தில் அனுப்பப் போகிறேன்: மார்ச் மாதத்தில் கடைக்காரர்களுக்குக் கொடுத்த தவணை எத்தனை நாள், விற்காத சரக்கைத் திருப்பி எடுக்கும் உடன்பாடு உண்டா? தங்கச்சி, வசனத்தைச் சரிபார்த்துத் தருவீர்களா?


கணக்கியல் மாணவி
2025 ஓகஸ்ட் 15, இரவு 9.30

தருகிறேன் அண்ணா. "திருப்பி எடுக்கும் உடன்பாடு" என்பதை முதலில் வையுங்கள். கடைக்காரர் சரக்கைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையோடு விற்றிருந்தால், திரும்பி வரும் என்று எதிர்பார்க்கும் பகுதியை விற்பனை வருமானத்தில் சேர்க்கக் கூடாது. அது கணக்கியல் நியமத்தின்படியான கேள்வி. தவணை எத்தனை நாள் என்பதற்கு "வர்த்தக இரகசியம்" என்று சொல்லித் தப்பலாம். இதற்கு அப்படித் தப்ப முடியாது.


சுன்னாகம் சந்தைக் கடை
2025 ஓகஸ்ட் 17, மதியம் 2.10

இன்னொரு செய்தி. மார்ச்சில் வந்த அந்தப் பெடியன் நேற்று மறுபடியும் வந்தான். இம்முறை தவணை நீட்டவில்லை. உடன் காசு கொடுத்தால் நான்கு வீதக் கழிவு தருவதாகச் சொன்னான். பழைய சரக்கில் இருபது பெட்டியை மாற்றியும் தந்தான். அவன் எந்த நிறுவனத்து ஆள் என்று எழுதமாட்டேன், தம்பியின் நிறுவனமா என்றும் எனக்குத் தெரியாது.


கோண்டாவில் கிணற்றடி
2025 ஓகஸ்ட் 17, இரவு 7.20

மிக்க நன்றி ஐயா. எந்த நிறுவனமாக இருந்தாலும், நான்கு வீதக் கழிவு கொடுத்தால் கடன்பட்டோர் வரி அழகாகும், மொத்த இலாபம் (விற்பனையில் சரக்கின் செலவு போன மிச்சம்) மெலியும். என் நிறுவனமும் அந்த வழியில் போகிறதா என்பது செப்ரெம்பர் காலாண்டில் தெரிந்துவிடும். அந்தக் கணக்கு நவம்பர் நடுவில் வரும். அதில் நான் முதலில் பார்க்கப்போவது மொத்த இலாப வீதத்தை.